வைண்டர் வாங்குவதற்கு முன்: தானியங்கிக் கைக்கடிகாரங்கள் குறித்த கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் அன்பர்கள் கேட்டிருந்த கேள்விகளுள், ஒன்றையே பலர் கேட்டிருந்தவற்றை இணைத்து இங்கே பதிலளிக்கிறேன். தானியங்கிக் கடிகாரம் கை அசைவாலேயே சாவி ஏறுவது; அதைக் கையில் கட்டாமல் வைத்திருக்கும்போது மெல்லச் சுழற்றி, அதற்குத் தொடர்ந்து சாவி ஏறும்படி செய்யும் மின்பெட்டியே வைண்டர்.

கேள்வி: என்னிடம் இரண்டு சீக்கோ 5, ஓர் ஓரியன்ட், ஒரு திசோ ஆகியவை உள்ளன. தோட்ட அலுவலகத்துக்கு ஒன்றையே கட்டிச் செல்கிறேன், மற்றவை நின்றுவிடுகின்றன. கட்டாயம் வைண்டர் வாங்க வேண்டுமா, ஐயா?

பதில்: கட்டாயம் இல்லை. கடிகாரம் நின்று கிடப்பதால் கெட்டுவிடும் என்ற பேச்சு, எண்ணெய் விரைவில் இறுகிப்போன பழைய காலத்தைச் சேர்ந்தது. இன்றைய செயற்கை எண்ணெய்கள் அப்படி எளிதில் இறுகுவதில்லை. இடைவிடாமல் ஓடும் கடிகாரத்தில் சக்கரங்களும் அச்சுகளும் இடைவிடாமல் தேயும் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே, வைண்டர் என்பது வசதிக்கான பொருளே தவிர, கடிகாரத்துக்கான மருந்து அன்று.

உங்கள் சீக்கோவில் 7எஸ்26 இயந்திரம் இருந்தால் அது முழுச் சாவியில் சுமார் 40 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தால் ஞாயிறு காலையில் நின்றிருக்கும். அந்த இயந்திரத்துக்குப் பக்கவாட்டில் உள்ள திருகைச் சுற்றிச் சாவி கொடுக்க முடியாது. கையில் பிடித்து மெல்ல அசைத்து ஓடவிட்டு, நேரத்தையும் கிழமையையும் தேதியையும் திருத்த வேண்டும். அந்தச் சிறு வேலை உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் வைண்டர் உதவும். திசோவில் பவர்மேட்டிக் 80 இயந்திரம் இருந்தால் அது 80 மணி நேரம், அதாவது மூன்று நாளுக்கும் மேல், தானே தாங்கும். நான்கையும் முறை வைத்து மாற்றிக் கட்டுபவருக்கு இரண்டு இடம் கொண்ட வைண்டரே போதும். நான்கு இடம் கொண்டதை விற்பனையாளர் வற்புறுத்தினால், அது அவருடைய இலாபக் கணக்கு.

கேள்வி: பெட்டியின் மீது ‘650’, ‘900’, ‘1,800’ என்று எண்கள் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது? அதிகம் சுழன்றால் நல்லதுதானே?

பதில்: வைண்டரைத் தேர்ந்தெடுப்பதில் உண்மையான விஷயம் இதுதான், மரப்பெட்டியும் நீல விளக்கும் கண்ணாடிக் கதவும் இதற்குப் பிறகே. அந்த எண்கள், ஒரு நாளில் கடிகாரம் எத்தனை முறை முழுச் சுற்றுச் சுற்றப்படுகிறது என்பதைக் குறிக்கின்றன. பெரும்பாலான இயந்திரங்களுக்கு நாளொன்றுக்கு 650 முதல் 800 சுற்றுகள் போதும். ஈ.டி.ஏ. 2824, சீக்கோவின் 4ஆர்36, ரோலெக்ஸின் 3135 போன்ற இயந்திரங்கள், கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடைத்தகடான ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏற்றிக்கொள்பவை என்பதால், இரு திசையும் மாறி மாறிச் சுற்றும் அமைப்பே அவற்றுக்குப் பொருத்தம். நிறுத்துக்கடிகார வசதி கொண்ட குரோனோகிராஃப் கடிகாரங்கள் பலவற்றில் உள்ள வால்ஜூ 7750 அப்படிப்பட்டதன்று; அது ஒரு திசையில் மட்டுமே சாவி ஏற்றும், மறு திசையில் ரோட்டர் தடையின்றி விர்ரென்று சுழலும், கட்டியிருப்பவருக்கு மணிக்கட்டிலேயே அந்த அதிர்வு தெரியும். அதற்கு வலச்சுற்றில் 800 வைப்பது வழக்கம். மியோட்டா 8215 இயந்திரமும் ஒரு திசையில் மட்டுமே சாவி ஏற்றுவது. ஆகவே வலம், இடம், இரண்டும் என மூன்று தேர்வுகளும், சுற்று எண்ணிக்கையை மாற்றும் வசதியும் இல்லாத வைண்டரை, விலை எவ்வளவு குறைந்திருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கடிகாரம் வைக்கும் மெத்தையின் ஓரத்தில் சிறு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு, பெட்டி ஒரு முறை ஓடி நிற்பதற்குள் அந்தத் துண்டு எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு அது எத்தனை நிமிடம் ஓய்வெடுக்கிறது என்றும் பாருங்கள். இரண்டு நிமிடம் ஓடி 12 சுற்றுச் சுற்றி, 20 நிமிடம் ஓய்வெடுப்பதாக வைத்துக்கொண்டால், 22 நிமிடத்துக்கு ஒரு தவணை. நாளுக்கு 1,440 நிமிடம் என்பதால் 65 தவணை. ஆக ஏறத்தாழ 780 சுற்று. பெட்டி 650 என்று சொல்லியிருந்தால் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 2,000-ஐத் தாண்டினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த சோதனை கடிகாரத்தைக் கொண்டே செய்வது. மூன்று நாள் பெட்டியில் வைத்து எடுத்து, மேசை மீது அசையாமல் கிடத்தி, எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 40 மணி நேரம் தாங்க வேண்டிய கடிகாரம் 35 மணி நேரத்துக்கு மேல் ஓடினால் பொருத்தம் சரி. 12 மணி நேரத்திலேயே நின்றால் சுற்றுப் போதவில்லை, அல்லது திசை தவறு. திசையை மாற்றியும் முன்னேற்றம் இல்லையென்றால், குறை பெட்டியில் இல்லை. கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கேள்வி: ஓயாமல் சுற்றினால் மெயின் ஸ்பிரிங் அறுந்துவிடாதா?

பதில்: தானியங்கிக் கடிகாரத்தில், சாவியின் விசையைச் சேர்த்துவைக்கும் சுருள்வில்லான மெயின் ஸ்பிரிங்கின் வெளி நுனி, அதைத் தாங்கும் உருளையோடு இறுக்கமாகக் கொளுவப்படவில்லை. முழுச் சாவி ஏறியதும் அந்த நுனி உருளையின் உட்சுவரில் வழுக்கி நகர்ந்துவிடும். ஆகவே அறுந்துபோகும் என்ற அச்சம் வேண்டாம். ஆனால் வழுக்கிக்கொண்டே இருப்பதும் உராய்வுதான். ரோட்டரின் அச்சும், திசைமாற்றும் சிறு சக்கரங்களும் வீணாக உழைக்கும். நல்ல வைண்டர் இடையிடையே ஓய்வெடுப்பது அதனால்தான்.

கேள்வி: இணைய அங்காடியில் நூறு ரிங்கிட்டுக்குள் கிடைப்பதை வாங்கலாமா? மோட்டார் ஜப்பானியத் தயாரிப்பு என்று எழுதியிருக்கிறார்கள்.

பதில்: ‘மபூச்சி மோட்டார்’ என்று எழுதாத மலிவுப் பெட்டியைக் காண்பது அரிது. மபூச்சி உண்மையிலேயே பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனம்தான். ஆனால் பெட்டிக்குள் இருப்பது அதுதானா என்பதைப் பிரித்துப் பார்த்தால் அன்றி அறிய இயலாது. காதால் சோதியுங்கள்: இரவில், விசிறியை நிறுத்திவிட்டு, தலைமாட்டில் வைத்துக் கேட்டால், நல்ல மோட்டாரின் ஓசை அரிதாகவே எட்டும். கரகரவென்று பல்சக்கரம் உரசும் ஒலி முதல் நாளிலேயே கேட்டால், ஆறு மாதத்தில் அது நின்றுவிடும் என்று எதிர்பார்க்கலாம்.

காந்தத்தையும் கவனிக்க வேண்டும். தடுப்பில்லாத மோட்டார் கடிகாரத்தின் முதுகை ஒட்டி இருந்தால், உள்ளிருந்து ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் நுண்ணிய சமநிலைச் சுருள் காந்தமேறி, அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தி ஓடத் தொடங்கும். காந்த எதிர்ப்புக்கான ஐ.எஸ்.ஓ. 764 தரம் பெற்ற கடிகாரம் மீட்டருக்கு 4,800 ஆம்பியர் வரையிலான காந்தப்புலத்தைத் தாங்கும். பழைய கடிகாரங்களுக்கு அந்த உறுதி இல்லை. சிறிய திசைகாட்டி ஒன்றைக் கடிகாரம் அமரும் மெத்தையின் மேல் வைத்து, மோட்டாரை ஓடவிடுங்கள். முள் தள்ளாடினால் அந்தப் பெட்டி வேண்டாம். கடிகாரத்தில் ஏற்கெனவே காந்தம் ஏறியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை; காந்தம் நீக்கும் கருவியில் சில நொடிகளில் சரியாகிவிடும்.

கொஞ்சம் செலவழிக்க இயலுமானால், 1834-இல் தொடங்கிய வுல்ஃப், 1898-இல் தொடங்கிய ராப்போர்ட் போன்ற பழைய நிறுவனங்களின் ஒற்றை வைண்டர், பெயர் தெரியாத, ஆறு இடம் கொண்ட வைண்டரைவிட மேலானது என்பது என் கருத்து.

கேள்வி: ஆறு இடம் உள்ள பெட்டியில் சீக்கோவையும் 7750-ஐயும் சேர்த்து வைக்கலாமா?

பதில்: ஒவ்வோர் இடத்துக்கும் தனி மோட்டாரும் தனிக் கட்டுப்பாடும் இருந்தால் வைக்கலாம். ஒரே மோட்டார் இரண்டு இடங்களைச் சுற்றும் பெட்டிகளே மிகுதி, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மாலை மழையோடு இடியும் வரும், மின்சாரமும் துண்டிக்கப்படும். வைண்டருக்கு ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. முதலில் அடாப்டரில் நம் நாட்டுத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டின் 230 வோல்ட்டுக்கும் மூன்று முனைச் செருகிக்கும் பொருந்தாத அடாப்டரை, இடைச்செருகி போட்டு ஒப்பேற்ற வேண்டாம். மின்பாய்ச்சல் தடுக்கும் பலகையில் இணைப்பது நல்லது. இடி நெருங்கும்போது செருகியைப் பிடுங்கிவிடுவது அதைவிட நல்லது. சில மணி நேரம் நின்றால் கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மின்சாரம் திரும்பியதும் சில பெட்டிகள், நீங்கள் வைத்த எண்ணையும் திசையையும் மறந்து ஆரம்ப நிலைக்குப் போய்விடுகின்றன. வாங்கும்போதே செருகியை எடுத்து மீண்டும் போட்டு இதைச் சோதியுங்கள்.

கேள்வி: தோல் வாரில் வெண்பூஞ்சை பிடிக்கிறது. மூடிய பெட்டிக்குள் வைத்ததால்தானா?

பதில்: ஆம். நம் ஊர்க் காற்றின் ஈரம் மூடிய பெட்டிக்குள் தங்கிவிடுகிறது. வியர்வை ஊறிய வார் அதற்குத் தீனி. கழற்றியதும் வாரை உலர்ந்த துணியால் துடைத்து, ஓர் இரவு வெளியில் ஆறவிட்டு, பிறகு உள்ளே வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். பெட்டியின் உள்ளுறை செயற்கைத் தோலாக இருந்தால், இந்த ஈரத்தில் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். மெத்தையின் நுரைப்பஞ்சும் மாவாகி, செயினின் கண்ணிகளுக்குள் கறுப்புப் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். பழுதுபார்க்க வரும் செயின்களைக் கழுவும்போது இதைத்தான் பல் துலக்கும் தூரிகையால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. துணி உறையும், மாற்றிக்கொள்ளத்தக்க மெத்தையும் உள்ள பெட்டியை நாடுங்கள்.

கேள்வி: மண்டோராக (தொழிலாளர் மேற்பார்வையாளராக) இருந்த தாத்தாவுக்குத் தோட்டத்தில் கொடுத்த கடிகாரம் என்னிடம் உள்ளது. தினமும் சாவி கொடுக்க வேண்டியது. அதை வைண்டரில் வைக்கலாமா?

பதில்: பயனில்லை, அம்மா. அதில் ரோட்டரே கிடையாது. காலையில் ஒரே நேரத்தில், தடை தெரியும் வரை மட்டும், திருகைச் சுற்றுங்கள்.

கேள்வி: வைண்டர் இல்லாமலே சமாளிக்கிறேன். நின்ற கடிகாரத்தில் தேதியை எப்படிப் பாதுகாப்பாகத் திருத்துவது?

பதில்: இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கடிகாரம் காட்டும்போது தேதித் திருகைத் தொடாதீர்கள், அந்த வேளையில் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே கொளுவியிருக்கும், வற்புறுத்தினால் முறியும். முதலில் முட்களை முன்னோக்கிச் சுற்றி 6 மணிக்குக் கொண்டுவந்து, நேற்றைய தேதியை வைத்து, பிறகு தேதி மாறும் வரை முட்களை முன்னோக்கியே நகர்த்தி, சரியான நேரத்தில் நிறுத்துங்கள். மாலை நேரமாக இருந்தால் முட்களை இன்னொரு முழுச் சுற்று நகர்த்த வேண்டியிருக்கும். இல்லையென்றால் தேதி நண்பகலில் மாறும்.