அச்சான பிடிஎஃப் வேண்டாம், வேர்டு கோப்பைத் தேடுங்கள்

கேள்வி: காரைக்குடியில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு பற்றிய என் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்திருக்கிறது. பணம் கட்டினால்தான் படிக்க முடியும். தகவல் தந்த கானாடுகாத்தான் வீட்டுக்காரர்கள் கட்டுரையைக் கேட்கிறார்கள். கல்லூரிக் களஞ்சியத்தில் (ஆய்வுகளைச் சேர்த்து வைத்து யாரும் படிக்கத் தரும் இணையதளம்) நானே ஏற்றலாமா? ஆய்வாளர்கள் கட்டுரை பகிரும் ரிசர்ச்கேட் தளத்தில் ஏற்கெனவே போட்டுவிட்டேன்.

பதில்: பெரும்பாலும் ஏற்றலாம், காசு செலவில்லை. எந்தப் பிரதியை ஏற்றுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு கட்டுரைக்கு மூன்று நிலைகள் உண்டு. நீங்கள் முதலில் அனுப்பியது ஒன்று. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தமெல்லாம் செய்து, ஆசிரியர் ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று எழுதியபோது உங்கள் கையில் இருந்தது இரண்டாவது. பதிப்பகம் பக்கம் கட்டி, முத்திரை போட்டு வெளியிட்டது மூன்றாவது. சந்தா இதழ்களில் இந்த மூன்றாவதைப் பொதுவெளியில் போட அநேகமாக அனுமதி கிடையாது. இரண்டாவதற்குப் பெரும்பாலான பதிப்பகங்கள் இடம் தருகின்றன.

சிக்கல் என்னவென்றால், அந்த இரண்டாவதைப் பலர் பத்திரப்படுத்துவதே இல்லை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘சார் திருத்தியது’ என்று பெயர் வைத்த கோப்புகளுக்குள் எங்கோ கிடக்கும். ஏற்புக் கடிதத்துக்கு முன் கடைசியாக நீங்கள் சமர்ப்பித்த கோப்பு எதுவோ அதுதான். மின்னஞ்சலில் இல்லையென்றால் இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய்ப் பாருங்கள், அங்கே இருக்க வாய்ப்புண்டு. முதல் பக்கத்தில் ‘ஏற்கப்பட்ட பிரதி’ என்று குறித்து, இதழின் பெயரையும் வெளியான கட்டுரையின் டிஓஐ (மாறாத இணைய அடையாள எண்) இணைப்பையும் சேருங்கள். கூட்டாசிரியர்கள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை.

அடுத்தது காத்திருப்புக் காலம், அதாவது வெளியான பிறகு இந்தப் பிரதியைப் பொதுவில் திறக்கப் பதிப்பகம் வைக்கும் இடைவெளி. ஸ்பிரிங்கர் நேச்சரின் சந்தா இதழ்களில் பொதுவாக 12 மாதம். எல்செவியரில் இதழுக்கு இதழ் மாறும். இதழ்களின் பகிர்வு விதிகளைக் காட்டும், ஷெர்பா ரோமியோ என்று நாம் பழகிய தளம் இப்போது ‘ஓப்பன் பாலிசி ஃபைண்டர்’ ஆகியிருக்கிறது. அங்கே இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைக் கொடுத்தால் விதி வந்துவிடும். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் ஒருமுறை படியுங்கள். காலம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இப்போதே ஏற்றி, திறக்கும் தேதியைக் குறித்துவிட்டால் டீஸ்பேஸ் போன்ற களஞ்சிய மென்பொருள்கள் அதுவரை கோப்பைப் பூட்டி வைத்திருக்கும். தலைப்பும் சுருக்கமும் மட்டும் தெரியும். ஆய்வுக்கு மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை (டிஎஸ்டி) அல்லது உயிரித் தொழில்நுட்பத் துறை (டிபிடி) நிதி வாங்கியிருந்தால், ஏற்கப்பட்ட பிரதியைக் களஞ்சியத்தில் சேர்க்கச் சொல்கிறது அவற்றின் 2014 கொள்கை.

கல்லூரியில் களஞ்சியம் பெயரளவுக்குத்தான் என்றால் ஸெனோடோ என்ற பொதுக் களஞ்சியம் இருக்கிறது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வு மையம் நடத்துவது, இலவசம். ஒரே ஒரு எச்சரிக்கை: உரிமம் கேட்கும் கட்டத்தில் அது தானாகவே சிசி பை (பெயர் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமம்) என்று நிரப்பிவிடும். பதிப்பகம் வணிகமல்லாத உரிமம்தான் தந்திருக்கிறது என்றால் அதை மாற்றாமல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

படங்களைக் கவனியுங்கள். ஆச்சி ஒருவர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய வளவுப் (வீட்டு உள்முற்றப்) படம் கட்டுரையில் இருக்கிறதா? குடும்பமே ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்து எடுத்த படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, நம் சட்டப்படி முதல் உரிமை குடும்பத்துக்குத்தான். அவர்கள் இதழுக்கு மட்டும் சம்மதம் தந்திருந்தால் களஞ்சியத்துக்குத் தனியாக இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பங்காளிகள் பலருக்குப் பாத்தியமுள்ள வீடென்றால் ஒருவர் கையெழுத்தோடு நிற்காமல் இருப்பது நல்லது. பின்னால் பேச்சு வரும்.

அப்புறம் ரிசர்ச்கேட். அது ஒரு தனியார் நிறுவனம், களஞ்சியம் அல்ல. இப்படி ஏற்றப்பட்ட பிடிஎஃப்களுக்காக எல்செவியரும் அமெரிக்க வேதியியல் கழகமும் 2017-இல் அதன்மேல் வழக்கே போட்டன. நீங்கள் போட்டது அச்சான பிரதியென்றால் எடுத்துவிட்டு, விவரத்தையும் களஞ்சிய இணைப்பையும் மட்டும் வையுங்கள். கானாடுகாத்தான்காரர்களுக்கு ஒரு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் எழுதி அதையும் பதிவோடு சேருங்கள். உங்கள் சொந்த வார்த்தையில் எழுதும் சுருக்கத்துக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது, இன்றைக்கே கொடுக்கலாம்.