பரண்மேல் கிடந்த ட்ரம்பெட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ராயபுரம் என்ற பெயருக்கும் அங்குள்ள கோயிலுக்கும் தொடர்பு உண்டா?
(வண்ணாரப்பேட்டை வாசகி)

உண்டு. இயேசுவின் சீடர் பேதுருவைப் பழைய கத்தோலிக்க வழக்கில் இராயப்பர் என்பார்கள். பவுல் அதே வழக்கில் சின்னப்பர். படகுத் தொழில் செய்தவர்கள் எழுப்பிய புனித இராயப்பர் கோயிலால்தான் ஊருக்கே அந்தப் பெயர் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. இராயப்பர், சின்னப்பர் இருவருக்கும் திருநாள் ஜூன் 29.

தாத்தா தேர்பவனியில் ஊதிய ட்ரம்பெட் பரணில் கிடைத்தது. மூன்று வால்வும் இறுகிவிட்டன. புளி போட்டுத் தேய்க்கலாமா?
(காசிமேடு வாசகர்)

புளி வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, ட்ரம்பெட்டில் அதன் புளிப்பு மேல்பூச்சை அரித்துவிடும்.

வால்வின் அடிமூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஓரத்தில் பச்சையாகப் பொருக்கு ஒட்டியிருக்கும். காய்ந்த எச்சிலும் பழைய எண்ணெயும் கடல்காற்றும் சேர்ந்து செய்த வேலை அது. மேல்மூடிகளையும் திருகித் திறந்து, இரண்டு பக்கமும் வால்வு ஆயில் நாலைந்து சொட்டு விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் விரலால் மெல்ல அழுத்துங்கள். அசையாவிட்டால் மறுபடி ஆயில், மறுபடி ஒரு ராத்திரி. சுத்தியல், குறடு பக்கம் போகாதீர்கள். வால்வின் வெளி உறை மயிரிழை நசுங்கினாலும் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். ஊதுவாய் சிக்கியிருந்தால் முறுக்கி இழுக்காமல், வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அதற்கென்றே தனிக் கருவி இருக்கிறது.

வால்வுகள் வெளியே வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்து கழுவுங்கள். கொதிநீர் வார்னிஷை உரித்துவிடும். பிஸ்டன்களில் 1, 2, 3 என்று பொறித்திருக்கும். மாற்றிப் போட்டால் எவ்வளவு ஊதினாலும் காற்று போகாது. மாட்டும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று சொட்டு வால்வு ஆயில் போதும். தேங்காய் எண்ணெய் விட்டால் சில நாளில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும்.

ஊதுவாயை அடுத்த குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறியதன் அடையாளம் அது. தேய்த்தால் போகாது, அந்தக் குழாயையே மாற்ற வேண்டியிருக்கும். அதற்காகத் தாத்தாவின் வாத்தியத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மற்ற பாகம் நன்றாக இருந்தால் செலவு செய்யலாம்.

பாடகர் குழு கீபோர்டில் ஜி ஸ்கேலில் பாடுகிறது. பேண்டு சேர்ந்தால் அபஸ்வரம். தவறு யாருடையது?
(பெரம்பூர் வாசகர்)

யாருடையதும் இல்லை. ட்ரம்பெட்டும் பி பிளாட் கிளாரினெட்டும் சி வாசித்தால் ஒலிப்பது பி பிளாட், ஆல்டோ சாக்ஸபோனில் ஈ பிளாட். எனவே ஜி பாட்டுக்கு ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் ஏ ஸ்கேலிலும், ஆல்டோ சாக்ஸபோன் ஈ ஸ்கேலிலும் வாசிக்க வேண்டும். மூன்று, நான்கு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றி வாசிக்க வேண்டியவை) வந்து புதுப்பையன்கள் திணறுவார்கள். கீபோர்டை எஃப்-க்கு இறக்கிவிடுங்கள்: ட்ரம்பெட்டுக்கு ஜி, சாக்ஸபோனுக்கு டி. பாடுகிறவர்களுக்கும் தொண்டை லேசாகும். பத்து நிமிடம் ஊதிச் சூடேறிய பிறகே சுருதி சேருங்கள். குளிர்ந்த குழலில் சேர்த்தால் போகப்போகச் சுருதி ஏறிவிடும்.

பவனியில் பேண்டை எங்கே நிறுத்துவது?
(தண்டையார்பேட்டை வாசகி)

தேருக்குச் சற்று முன்னால், பாடுகிறவர்களை ஒட்டி. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பேண்டு நூறு மீட்டர் முன்னால் போனால் பின்னால் பாடுகிறவர்கள் காதில் டிரம் அடி கால் நொடிக்கும் மேல் தாமதித்து விழும். அவர்கள் அதைப் பிடித்துப் பாட, அந்தக் குரல் அதே அளவு தாமதித்துப் பேண்டுக்குத் திரும்ப, பாட்டு இழுத்துக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 120 காலடி என்ற மார்ச் நடையும் தேருக்கு ஆகாது, பாதியாகக் குறையுங்கள். பேஸ் டிரம்காரர் முகம் தேர் இழுப்பவர்களுக்குத் தெரியட்டும், நிற்பதும் நகர்வதும் அவர் கையைப் பார்த்துத்தான்.