நிக்கலும் விரிசல் விடுமா?

கேள்வி: நிக்கல் கலவை துருப்பிடிக்காது என்கிறார்களே, அணு உலையில் மட்டும் ஏன் விரிசல் விடுகிறது? – வாசகி, திருநெல்வேலி

பதில்: துருவுக்கு அசராது, இழுத்துப் பிடித்தால்தான் வம்பு. நாற்பது ஆண்டு உலோகத்தோடு மாரடித்தவன் சொல்கிறேன். 300 டிகிரி தாண்டிய உயரழுத்த நீர், வெல்டிங் விட்டுச்சென்ற இழுவிசை இரண்டும் சேர்ந்தால், ‘அலாய் 600’ என்ற நிக்கல் கலவைக் குழாயில், உலோகத்தின் நுண்படிக மணிகளின் எல்லை வழியே மயிரிழை விரிசல் மெல்ல ஓடும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி உலையில் அப்படிக் கசிந்த உலை நீரில் இருந்த போரிக் அமிலம், உலைக் கலத்து மூடியின் 15 சென்டிமீட்டர் எஃகைத் தின்றிருந்தது. 2002இல் கண்டபோது அங்கே தாங்கி நின்றது ஒரு சென்டிமீட்டர் உள்தகடு மட்டுமே! மூடிமேல் செந்துருவாய் வழிந்து உறைந்த படிவத்தைப் படத்தில் பார்த்தேன். ரசம் பொங்கிய அடுப்பேதான். இப்போது குரோமியம் ஏறக்குறைய இருமடங்குள்ள ‘அலாய் 690’ போடுகிறார்கள்.