ஏஐ தந்த ரூட்டை அப்படியே எக்டிஸில் ஏற்றலாமா?

கேள்வி: பல்க் கேரியர் (மொத்தச் சரக்குக் கப்பல்) ஒன்றில், வழித்திட்டம் போடும் செகண்ட் ஆபீசராக இருக்கிறேன். இந்தோனேசியாவிலிருந்து தூத்துக்குடிக்கு நிலக்கரி ஏற்றி வருகிறோம், டிராஃப்ட் (கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம்) 12.8 மீட்டர். கம்பெனி புதிதாக ஏஐ ரூட் மென்பொருள் கொடுத்திருக்கிறது. அது அனுப்பும் ரூட்டை நேராக எக்டிஸில் (மின்னணுக் கடல் வரைபடக் கருவியில்) ஏற்றினால் போதுமா? ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? ‘ஏஐ நேவிகேஷன்’ சான்றிதழுக்கு ஒருவர் 35 ஆயிரம் கேட்கிறார், சேரலாமா?

பதில்: ஏற்றலாம், போதாது. அந்த மென்பொருள் காற்று, அலை, நீரோட்டம், எரிபொருள், போய்ச்சேரும் நேரம் ஆகியவற்றைக் கணக்குப் போடுகிறது. அதன் வானிலைக் கட்டம் ஒவ்வொன்றும் பெரும்பாலும் கால் டிகிரி, அதாவது சுமார் 28 கிலோமீட்டர். நடுக்கடலுக்கு அது நல்ல உதவி. கரையோரம் உங்கள் கப்பலுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் என்பது வேறு கணக்கு. அதை நீங்கள்தான் போட வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். நிறைசுமையில் பிளாக் கோஎஃபிஷன்ட் (கப்பலின் அடிப்பகுதி எவ்வளவு பெட்டி வடிவம் என்பதன் அளவு) 0.85 என்று வையுங்கள். திறந்த கடலில் 12 நாட் வேகத்தில் ஸ்க்வாட் (ஆழம் குறைந்த நீரில் ஓடும்போது கப்பல் கூடுதலாக அமிழ்வது) 0.85 × 144 ÷ 100, கிட்டத்தட்ட 1.2 மீட்டர். குறுகிய கால்வாயில் இதுவே இரட்டிப்பு. டிராஃப்டில் பத்து சதவீதம் அடிநீர் இடைவெளி என்பது கம்பெனி விதியானால் இன்னொரு 1.3. ஆக 15.3 மீட்டர் தேவை. எக்டிஸில் சேஃப்டி கான்டூர் (பாதுகாப்பு ஆழக்கோடு) 15.3 என்று கொடுத்தால், சார்ட்டில் அந்தக் கோடு இருக்காது. அடுத்த ஆழமான கோட்டை, பெரும்பாலும் 20ஐ, அதுவே எடுத்துக்கொள்ளும். உடனே அலாரம் கத்தும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: சத்தம் தாங்காமல் 15 என்று மாற்றிவிடுகிறார்கள். அலாரம் அடங்கிவிடும், தேவையான 30 சென்டிமீட்டரும் போய்விடும். 20 அப்படியே இருக்கட்டும். சேஃப்டி டெப்த்தை (இதற்குக் குறைந்த ஆழ எண்களை எடுத்துக்காட்டும் அமைப்பு) 15.3 என்று வையுங்கள்; போகக்கூடாத இடங்களைக் கையால் வரையுங்கள்.

எவ்வளவு தூரம் வரைவது? கேட்சாக் (சார்ட்டின் அளவீடு எவ்வளவு நம்பகம் என்ற தரக்குறி) பாருங்கள். ‘சி’ என்றால் ஆழத்தில் 2 மீட்டரோடு ஐந்து சதவீதம், இடத்தில் 500 மீட்டர் பிழை இருக்கலாம். சார்ட்டில் 17.5 என்று தாராளமாகத் தெரியும் இடம் உண்மையில் 14.6 ஆக இருக்கலாம். ஆகவே ‘சி’ பகுதியில் 18.2க்குக் குறைந்த எதுவும் உங்களுக்குத் தரைதான். ஏஐ ஃபைலோடு வந்த எக்ஸ்டிடி (ரூட்டின் இருபக்கமும் விலக அனுமதித்த தூரம்) 0.1 கடல் மைல் என்றிருந்தால் அது வெறும் 185 மீட்டர். அதற்கு அப்பால் உள்ள திட்டை ரூட் செக் (எக்டிஸ் தானே ரூட்டைச் சோதிப்பது) கண்டுகொள்ளாது. கிரேட் சர்க்கிள் (உலக உருண்டையில் மிகக் குறுகிய வழி) லெக் ஃபைலில் ரம் லைனாக (ஒரே திசைக் கோணத்தில் போகும் கோடாக) மாறி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மிக ஆபத்தானது நடுவழியில் வரும் ‘திருத்திய ரூட்’. 2016 டிசம்பரில் இங்கிலாந்துக் கிழக்குக் கரையில் ‘மூரோஸ்’ என்ற பல்க் கேரியர் ஹேஸ்பரோ மணல்திட்டில் ஏறியது. செகண்ட் ஆபீசர் ரூட்டை மாற்றி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. கேப்டன் பார்க்கவில்லை. சிறிய அளவுகோல் சார்ட்டில், அதாவது விவரம் குறைவான சார்ட்டில், கண்ணோட்டம் விட்டார்கள். ரூட் செக் காட்டிய எச்சரிக்கைகளை ஒதுக்கினார்கள். ஏஐ இல்லாமலே இது நடந்தது. ஒரே ஒரு வே பாயிண்டை (ரூட்டின் திருப்புப் புள்ளியை) நகர்த்தினாலும் ரூட் செக்கை மறுபடி ஓட்டுங்கள், பெரிய அளவுகோலில் முழு வழியையும் கண்ணால் தடவுங்கள், கேப்டன் கையெழுத்து வாங்குங்கள். இதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். அதை ஓய்வு நேரத்திலிருந்துதான் திருட வேண்டியிருக்கிறது. ஆடிட்டர் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு டீ குடித்துப் போகிறார்.

பொறுப்பு கப்பல் தரப்புடையது. 2011இல் ஷியாமென் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது ‘சிஎம்ஏ சிஜிஎம் லிப்ரா’ தரைதட்டியது. ‘சேனலுக்கு வெளியே ஆழம் சார்ட்டில் உள்ளதைவிடக் குறைவு’ என்ற நோட்டீஸ் டு மரினர்ஸ் (மாலுமிகளுக்கான சார்ட் திருத்த அறிவிப்பு) எச்சரிக்கை பேசேஜ் பிளானில் (பயண வழித்திட்டத்தில்) ஏறவில்லை. பிளானில் உள்ள கோளாறே கப்பலைக் கடலுக்குத் தகுதியற்றதாக்கலாம் என்று 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மென்பொருள் விற்றவர் ஒப்பந்தத்தில் ‘ஆலோசனைக்கு மட்டும்’ என்ற வரி இருக்கும், தேடிப் பாருங்கள்.

அதற்காக ஏஐ ரூட்டைக் கேப்டன் இஷ்டத்துக்குத் தள்ளவும் முடியாது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 1994இல் ‘ஹில் ஹார்மனி’ கப்பல் வான்கூவரிலிருந்து ஜப்பானுக்கு, சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) சொன்ன குறுகிய கிரேட் சர்க்கிள் வழியை விட்டுவிட்டு நீண்ட தெற்கு வழியில் போனது. 2000இல் லார்ட்ஸ் சபை (அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்) சார்ட்டரர் பக்கம் தீர்ப்பளித்தது: எந்த வழி என்பது சார்ட்டரரின் வணிக உத்தரவு, பாதுகாப்புக் காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். ஆகவே விலகினால் காரணத்தை அப்போதே லாக் புக்கில் எழுதுங்கள்: அலை உயரம், ரோல் எத்தனை டிகிரி, கேட்சாக், மிச்ச ஆழம். ‘மோசமான வானிலை’ என்று இரண்டு வார்த்தை எழுதினால் வக்கீல் சிரிப்பார்.

சான்றிதழ் வேண்டாம். மாலுமிப் பயிற்சிக்கான சர்வதேச ஒப்பந்தமான எஸ்டிசிடபிள்யூவில் ‘ஏஐ நேவிகேஷன்’ என்று கட்டாயப் படிப்பே கிடையாது. ‘ஐஎம்ஓ அங்கீகாரம் பெற்ற கருவி’ என்று சொல்பவரையும் நம்பாதீர்கள்; ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எந்தக் கருவிக்கும் அங்கீகாரம் தருவதில்லை, அது கப்பல் பதிவான கொடி நாட்டு நிர்வாகத்தின், கிளாஸின் (கப்பல் தரச் சான்று நிறுவனத்தின்) வேலை. எந்தப் படிப்புக்கும் பணம் கட்டும் முன் டிஜி ஷிப்பிங் (இந்தியக் கப்பல் துறை இயக்குநரகம்) பட்டியலில் படிப்பின் பெயரைத் தேடுங்கள். உங்கள் கப்பலில் உள்ள எக்டிஸ் மாடலுக்கான பயிற்சி இன்னும் முடியவில்லை என்றால், முதலில் அதைக் கம்பெனி செலவில் கேளுங்கள்.