மரத்துப்போவது விரல், காரணம் வண்டியின் சீட்டாக இருக்கலாம்

கேள்வி: என் உயரம் 163 செ.மீ. மோட்டார் சைக்கிளில் 1 மணி நேரம் தொடர்ந்து சென்றால் மணிக்கட்டு வலிக்கிறது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. கீழ் முதுகும் வலிக்கிறது. சீட்டைத் தாழ்த்தி ஹேண்டில்பாரை உயர்த்தச் சொல்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். முதலில் ஒரு சிறிய சோதனை. வண்டியை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் வழக்கம்போல உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து, கைகளை மட்டும் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்துங்கள். உடல் முன்னே சரிகிறதா? அப்படியானால் இத்தனை நாளும் உங்கள் மேலுடம்பின் பாரத்தைக் கைகள்தான் சுமந்து வந்திருக்கின்றன. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் போகும் நரம்பு, உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாக ஓடுகிறது. கைப்பிடி அழுத்துவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

அடுத்து சீட்டைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பல வண்டிகளில் அது பெட்ரோல் டேங்கை நோக்கிச் சரிந்திருக்கும். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வழுக்குகிறீர்கள். கைகளை ஊன்றித் தடுக்கிறீர்கள். முழங்கால்களால் டேங்கைக் கவ்விப் பிடித்து, முழங்கைகளைச் சற்றே மடக்கி ஓட்டினால் பாதிச் சுமை இறங்கிவிடும். மீதிக்கு, சீட் தைப்பவரிடம் சொல்லி உட்காரும் இடத்தைச் சமமாக்கிக்கொள்ளலாம். அதற்காக மிக மென்மையான ஃபோமைக் கேட்டு வாங்காதீர்கள். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும்போது அது அருமையாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அடிப்பலகைவரை அமுங்கி, எலும்பு தட்டும்.

இனி மணிக்கட்டு. செலவே இல்லாத வேலை இது. ஆனாலும் பலர் செய்வதில்லை. வண்டியில் உட்கார்ந்து, இரண்டு விரல்களை கிளட்ச் லீவர் மேல் நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். லீவர் மேலே தூக்கலாக இருந்தால் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கித்தான் விரல்களை அதன்மேல் வைக்க முடியும். லீவரின் பழைய இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, அதை ஹேண்டில்பாரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, சில மில்லிமீட்டர் கீழே திருப்பி இறுக்குங்கள். பிரேக் பக்கம் மட்டும் எச்சரிக்கை: டிஸ்க் பிரேக் வண்டிகளில் லீவரோடு பிரேக் ஆயில் கிண்ணமும் சேர்ந்தே திரும்பும். அது அதிகம் சாயக் கூடாது. விரல்கள் குட்டையானவை என்றால், லீவருக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் திருகு உங்கள் வண்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது. இல்லையென்றால் எது உதவியது என்றே தெரியாது. மரத்த விரல்கள் மறுநாள் காலையிலும் சரியாகாமல் இருந்தால் ஸ்பேனரை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கியர் லீவர், பின் பிரேக் பெடல் ஆகியவற்றின் உயரத்தையும் உங்கள் ஷூவுக்கு ஏற்ப மாற்றலாம். பெடலை மாற்றினால் பிரேக் விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சீட்டைத் தாழ்த்துவது பற்றி: உங்கள் முதுகுவலிக்கு அது எதிர்விளைவையே தரலாம். சீட் இறங்கினால் முழங்கால் இன்னும் மடங்கும், இடுப்பு பின்னால் உருளும், கீழ் முதுகு கூன் போடும். தரையில் இரண்டு குதிகாலும் பதிய வேண்டியதில்லை. முன்பாதங்கள் ஊன்றினாலே வண்டியைத் தாங்கலாம். அதுவும் எட்டவில்லை என்றால், உயரத்தைக் குறைக்காமல் சீட்டின் முன்பக்க ஓரங்களைக் குறுக்கச் சொல்லுங்கள். தொடைகளின் அகட்டல் குறைந்து கால் நேராக இறங்கும். சஸ்பென்ஷனையே தாழ்த்தினாலோ, பள்ளம் மேடுகளில் அடிபாகம் தட்டும். தாழ்ந்த வண்டிக்கு சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போய், நிறுத்திய வண்டி மறுபக்கம் சாயப் பார்க்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஹேண்டில்பார் எட்டவில்லை என்றால் உயர்த்துங்கள். வேலை முடிந்ததும் மெக்கானிக் முன்னிலையிலேயே இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினாலோ, பிரேக் குழாய் விறைத்து நின்றாலோ வண்டியை எடுக்காதீர்கள். நீளமான கேபிளும் குழாயும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.