நகரி மலை அருவிகளுக்கு ஒரு நாள் நடை: கேள்வி பதில்

ஆந்திராவின் புத்தூர், நாகலாபுரம், சத்தியவேடு, தடா பக்கத்து மலைகளில் இருக்கும் அருவிகளுக்குக் காலையில் நடந்து போய் இருட்டுவதற்குள் திரும்புவது பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கத்துக்காரன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, எங்களுக்கு மே மாதம்தான் லீவு. அப்போது வரலாமா?

வேண்டாம் தம்பி. கேரள மலைகளுக்கு ஜூனில் கொட்டுவதுபோல் இங்கே கொட்டாது. நமக்கு வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் கடைசியில் ஓடைகள் உயிர் பெறும், நவம்பரில் வெள்ளம் ஓடும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நடக்க நல்ல காலம். மார்ச்சுக்குப் பிறகு ஓடை வற்றிவிடும், பாறை காலைச் சுடும். கோடையில்தான் வர முடியும் என்றால் கைலாசகோனை அருவிக்குப் போங்கள். அது ஊற்று நீர், அதிகம் நடக்கவும் வேண்டாம்.

வானம் வெளுத்திருக்கும் நாளில் போனால் வெள்ள பயம் இல்லைதானே சார்?

உங்கள் தலைக்கு மேலே இருக்கிற வானத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மலை உச்சியில் பெய்ததுதான் ஓடையில் வரும். இந்த மலைகளில் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கெட்டிப் பாறை. புவியியல்காரர்கள் அதற்கு நகரி குவார்ட்சைட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே மண் குறைவு, பாறையும் தண்ணீரைக் குடிக்காது. உச்சியில் ஒரு மணி நேரம் கொட்டினால் அத்தனையும் பள்ளத்துக்கு இறங்கிவிடும். கீழே நீங்கள் வெயிலில் குளித்துக்கொண்டிருப்பீர்கள்.

வெள்ளம் வருவதற்கு முன் அறிகுறி காட்டும். தெளிந்திருந்த தண்ணீர் டீ நிறமாகும். காய்ந்த இலை, சுள்ளி, நுரை மிதந்து வரும். சற்று முன் உலர்ந்திருந்த கல்லின் அடி நனைந்திருக்கும். இரைச்சல் கனக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் பையைத் தேடாமல் மேடேறுங்கள். எந்தக் கரை கிட்டமோ அந்தக் கரை. வண்டி அக்கரையில் நிற்கிறதே என்று கடக்கப் போய்த்தான் ஆட்களை இழக்கிறோம். எனக்கு இதைச் சொல்லிச் சொல்லி ஆற மாட்டேன் என்கிறது. இவை சின்ன ஓடைகள். மழை நின்றால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ராத்திரி முழுக்க மேட்டில் உட்கார நேர்ந்தாலும் உட்காருங்கள்.

போகும்போதே பாதை எத்தனை இடத்தில் ஓடையைக் கடக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் எந்தக் கல்வரை நிற்கிறது என்று போனில் ஒரு படம் எடுங்கள். திரும்பும்போது அந்தக் கல் மூழ்கியிருந்தால் விஷயம் புரிந்துவிடும். சாதாரண நாளில் கடக்கும்போதும் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், கழி ஊன்றி நடங்கள். ஓட்டம் முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள்.

அனுமதி வாங்கியே ஆக வேண்டுமா? ஊர்ப் பையன் ஒருவன் குறுக்கு வழி காட்டுகிறேன் என்கிறான்.

வாங்கியே ஆக வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1967 ஆந்திர வனச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இது செம்மரம் வளரும் காடு. அதைத் திருட்டுத்தனமாக வெட்டும் ஆட்களைத் தேடி ரோந்து நடக்கிறது. 2015 ஏப்ரலில் சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டிலிருந்து போன 20 கூலித் தொழிலாளர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பாதை இல்லாத இடத்தில், தமிழ் பேசும் இளைஞர்கள் பையோடு நின்றால் என்ன நினைப்பார்கள் என்று யோசியுங்கள். முந்தின நாளே வனத்துறை செக்போஸ்ட்டில் விசாரியுங்கள். அன்றைக்குப் பாதை திறந்திருக்கிறதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். டிக்கெட்டையும் ஆதாரையும் கையில் வைத்திருங்கள். அந்தப் பையனை வழிகாட்டியாகக் கூட்டிப் போகலாம், ஆனால் செக்போஸ்ட் வழியாக.

என் மகள் காலேஜ் தோழிகளோடு தடா பக்கம் உப்பலமடுகு அருவிக்குப் போகிறாள். நீச்சல் தெரியாது. பயமாக இருக்கிறது ஐயா.

போகட்டும் அம்மா, மடுவில் மட்டும் இறங்க வேண்டாம். தண்ணீர் கண்ணாடியாக இருப்பதால் தரை கிட்டே தெரியும். இடுப்பளவு என்று நினைத்து இரண்டடி எடுத்து வைத்தால் பாறை விளிம்பு முடிந்து நேரே ஆழம்தான். அடியில் பாறைக்குள் குடைந்த இடங்களும் இருக்கும், சிக்கினால் நீச்சல்காரராலும் வர முடியாது. ஒருத்தி வழுக்கி விழுந்தால் மற்றவர்கள் குதிக்கக்கூடாது, துப்பட்டாவையோ கயிற்றையோ வீசி இழுக்க வேண்டும். இதைக் கிளம்பும் முன் எல்லோருக்கும் சொல்லி அனுப்புங்கள். ஈரப் பாறையில் கறுப்பாகத் தெரிவது பாசி. அதில் எந்த ஷூவும் நிற்காது.

கூட ஐம்பத்தெட்டு வயது அப்பா வருகிறார். நேரத்தை எப்படிப் பிரிப்பது?

அப்பாவின் நடைதான் கணக்கு, உங்கள் நடை இல்லை. விடிந்ததும் கிளம்புங்கள். அதற்கு முன் வேண்டாம், கரடி நடமாடும் நேரம். பகல் ஒரு மணிக்கு அருவி கண்ணில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் திரும்பிவிடுங்கள். டிசம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் போய்விடும், மலை இடுக்கில் அதற்கும் முன்பே மங்கிவிடும். ஆளுக்கு ஒரு டார்ச். உள்ளே டவர் கிடைக்காது. இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் செக்போஸ்ட்டுக்குச் சொல் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

சாப்பாடு? அங்கேயே அடுப்பு மூட்டலாமா?

அடுப்பே கூடாது. புல் காய்ந்த காடு. தவிர, அருவிப் பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும், புகை பட்டால் கலைந்து வரும். சென்ட்டும் போட வேண்டாம். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், மாலைவரை கெடாது. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்.

பாம்பு கடித்தால் கயிறு கட்ட வேண்டும் என்கிறார்களே?

கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். இங்கே கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் குச்சி வைத்துத் தாங்கி, முடிந்தவரை தூக்கிக்கொண்டே வாருங்கள். டவர் கிடைத்ததும் 108. விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கால் பிசகினால் நேரே புத்தூர்க் கட்டுதானே?

எங்கள் ஊர்ப் பக்கத்து நாட்டு எலும்புக் கட்டு, பெருமைதான். ஆனாலும் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு வெளியே தெரிந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ வேறு எங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரிதான்.

போய் வந்து பத்து நாளாகிறது. காய்ச்சலும் தலைவலியும் விடவில்லை. வைரஸ் என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இன்றே டாக்டரிடம் போங்கள். புதரிலும் புல்லிலும் இருக்கிற பொடி உண்ணியின் குஞ்சு கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வரும். சித்தூர், வேலூர்ப் பக்கம் குளிர் மாதங்களில் அதிகம். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு எல்லாம் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பொருக்கு இல்லாமலும் வரும். அதனால் காட்டுக்குப் போய் வந்தேன் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரைக்கே கேட்கும், தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். கூட வந்தவர்களுக்கும் இன்றே போன் போட்டுக் கேளுங்கள்.