சேவை மனம் மட்டும் போதுமா?

கேள்வி: பி.காம். முடித்து, மூன்று ஆண்டுகளாக ஓர் உரக் கிடங்கில் இருப்புக் கணக்கு பார்த்து வருகிறேன். வெள்ளமும் போரும் பாதித்த நாடுகளில் நிவாரணப் பணியாற்றும் அமைப்புகளில் சேர விரும்புகிறேன். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் கட்டாயமா? ஐ.நா.வில் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த நாற்பதாயிரம். விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் ஐ.நா. அமைப்புகள் கட்டணம் வாங்குவதில்லை. கேட்பவர் யாராயினும் விலகிவிடுங்கள். ஐ.நா. நடத்தும் 'ரிலீஃப்வெப்' தளத்தில் காலிப் பணியிடங்களை எவரும் செலவின்றிப் பார்க்கலாம்.

குழந்தைகள் பாதுகாப்பு, உளநல ஆலோசனை போன்ற பணிகளுக்குச் சமூகப்பணிப் படிப்பு உதவும். தாங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டுவிட்ட கிடங்கு வேலைக்கு அது தேவையில்லை. இத்துறைக்குள் நுழையத் தங்களுக்குள்ள வழியே அந்த வேலைதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, பல ஊர்களிலிருந்தும் லாரி லாரியாக வந்திறங்கிய பழந்துணிகள் நாகப்பட்டினம் பகுதிச் சாலையோரங்களில் எடுப்பாரின்றிக் குவிந்து கிடந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அனுப்பியவர்களின் இரக்கத்தில் குறைவில்லை. எது தேவை என்று விசாரித்து, வந்ததைத் தரம் பிரித்து, உரியவரிடம் சேர்க்கும் ஏற்பாடுதான் போதவில்லை. இதனால்தான் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' போன்ற மருத்துவ அமைப்புகூட கணக்கரையும் கொள்முதல் அலுவலரையும் கிடங்குப் பொறுப்பாளரையும் களத்துக்கு அனுப்புகிறது.

நிவாரணத் துறையின் அளவுகோல்களைத் தொகுத்துத் தரும் 'ஸ்பியர்' கையேட்டைப் படிக்கத் தொடங்குங்கள். அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்கிறது அது. 5,000 பேர் தங்கியுள்ள முகாமுக்கு 75,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினமும் ஏழு நடை. இந்தக் கணக்கைத் தடுமாறாமல் போடத் தெரிந்தவரைத்தான் களத்தில் தேடுகிறார்கள்.

எனினும், நேரே வெளிநாட்டுப் பணி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இவ்வமைப்புகளின் களப்பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டவரே. ஒப்பந்தங்களும் பெரும்பாலும் சில மாதங்களுக்கோ ஓராண்டுக்கோதான். போதாக்குறைக்கு, 2025-ல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைப் பெருமளவு வெட்டி, அதை வழங்கிவந்த யு.எஸ்.எய்டு நிறுவனத்தையே கலைத்துவிட்டதால், அனுபவம் மிக்க பலர் வேலையிழந்து இதே இடங்களுக்கு விண்ணப்பிக்கின்றனர். ஆகவே இப்போதைய வேலையை விட்டுவிடாமல், செஞ்சிலுவைச் சங்கத்தில் தன்னார்வலராகப் பதிந்து, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிவாரணப் பொருள்களைப் பெற்றுப் பதிந்து வழங்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழகுங்கள். முடிந்தால் பிரெஞ்சோ அரபியோ கற்கலாம்.

தன்விவரக் குறிப்பில் 'சேவையில் ஆர்வம்' என்ற வரியை நீக்கிவிட்டு, மாதம் எத்தனை டன் சரக்கைக் கையாள்கிறீர்கள், பதிவேட்டுக்கும் உண்மை இருப்புக்கும் வித்தியாசம் வந்தால் எப்படிச் சரிபார்க்கிறீர்கள் என்பதை அங்கே எழுதுங்கள்.